நொறுங்கத் தின்றால் நூறு வயது... ஆனால், களியை மட்டும் மெல்லக் கூடாது!

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள். தட்டில் சுடச்சுடக் கேழ்வரகுக் களி உருண்டை வந்து விழுகிறது. பக்கத்தில் கீரைக் கடைசலோ, கருவாட்டுக் குழம்போ. முதல் வாய் எடுத்து வைத்ததுமே நீங்கள் வெளியூர்க்காரர் என்பது தெரிந்துவிடும். எப்படி என்கிறீர்களா? நீங்கள் அதை மெல்லுவீர்கள்!

"மெல்லாத கண்ணு... கொஞ்சமா பிச்சு, குழம்புல பொரட்டி, அப்படியே முழுங்கு" என்று அந்த வீட்டுப் பாட்டி சொல்லிக் கொடுப்பார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பழமொழி சொல்லும் அதே ஊரில், களிக்கு மட்டும் சட்டம் தலைகீழ்!

சாப்பாட்டில் ஆளுக்கொரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் தோசையின் முறுகலான ஓரத்தை முதலில் பிய்ப்பார்; இன்னொருவர் அதைக் கடைசிவரை காப்பாற்றி வைப்பார். இட்லிக்குச் சர்க்கரை கேட்பவர், தயிர்சாதத்துக்கு வாழைப்பழம் கேட்பவர், முட்டையின் மஞ்சள் கருவைக் கடைசி வாய்க்கு ஒளித்து வைப்பவர் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. ஒன்றிரண்டுக்குப் பின்னால், கவனிக்க வேண்டிய நோயே இருக்கலாம்.

களியை ஏன் முழுங்குகிறார்கள்?

கேழ்வரகு மாவை அரிசி நொய்யோடு சேர்த்துக் கிளறி, கட்டி தட்டாமல் துடுப்பால் துழாவி, ஈரக் கையால் உருட்டி எடுப்பதுதான் களி. வெந்த மாவு பிசுபிசுவென்று இருக்கும். மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சின்ன உருண்டையாக எடுத்து, குழம்பில் நன்றாகப் புரட்டி, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்படி சாப்பிடுகிறார்கள். இது கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரியிலும் இப்படித்தான். கர்நாடகத்தில் 'ராகி முத்தே' சாப்பிடுபவர்களும் மெல்ல மாட்டார்கள்.

மெல்லாமல் முழுங்கினால் ஜீரணம் ஆகுமா? மாவுச்சத்து உடைவது வாயில் ஊறும் எச்சிலில் தொடங்கினாலும், பெரும்பகுதி வேலை சிறுகுடலில்தான் நடக்கிறது. களி ஏற்கெனவே மாவாக அரைத்து, குழைய வேகவைத்த பொருள். பற்கள் செய்ய வேண்டிய வேலையை இயந்திரமும் அடுப்பும் முன்பே செய்துவிட்டன. அதனால் ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பிரச்னை இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சின்னக் குழந்தைகளுக்கும், பக்கவாதம் போன்ற காரணங்களால் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் உருண்டையாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குக் கூழாகக் கரைத்துக் கொடுத்தால் போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. உருண்டையாக இருந்தாலும் கூழாக இருந்தாலும் அது எங்கேயும் போய்விடாது.

மரவள்ளிக்கு உப்பா, வெல்லமா?

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு முக்கியமான பயிர். வேகவைத்த கிழங்கை வைத்து ஒரு குடும்பத்தையே இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். உப்பும் காரமும்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. தேங்காய்த் துருவலும் வெல்லமும் போட்டால்தான் கிழங்கு என்பது இன்னொரு கட்சி. நடுவில் ஓடும் நாரை உருவி எறிந்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன் என்று தனியாக நிற்பவரும் உண்டு.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு இது. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். பிற்பாடு சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசித் தொழில் வளர, இந்தப் பகுதி விவசாயிகளுக்கும் இது காசு தரும் பயிரானது.

உப்போ வெல்லமோ, அது உங்கள் விருப்பம். ஆனால், "பச்சையாவே கடிச்சா நல்லாருக்கும்" என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பச்சை மரவள்ளியில் உள்ள ஒரு வேதிப்பொருள், கிழங்கு நசுங்கும்போது சயனைடாக மாறும். தோலில் இது இன்னும் அதிகம். தோலை நன்றாக உரித்து, துண்டாக நறுக்கி, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் பயம் இல்லை. கிழங்கு கசந்தால் துப்பிவிடுங்கள். வீணாகிறதே என்று யோசிக்க வேண்டாம்.

கரும்பைக் கடிப்பது எந்தப் பக்கம்?

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. இங்கே கரும்பு தின்னத் தெரியாதவர் யார்? ஆனாலும் அதிலும் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள்.

அடிக்கரும்பில் தொடங்குபவர்கள் ஒரு வகை. முதல் கடியிலேயே முழு இனிப்பும் வேண்டும். இரண்டாவது வகை, நுனியில் தொடங்குபவர்கள். கடிக்கக் கடிக்க இனிப்பு கூடிக்கொண்டே போகும். கற்றறிந்தவர்களோடு பழகுவது நுனியிலிருந்து கரும்பு தின்பதைப் போன்றது என்று நாலடியாரே உவமை சொல்லியிருக்கிறது என்றால், இந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு வயசு இருக்கும், பாருங்கள்!

இதற்குக் காரணம், கரும்பு வளரும் விதம். அடிப்பக்கக் கணுக்கள் முதலில் முற்றியவை. சர்க்கரை அங்கேதான் சேர்ந்திருக்கும். நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி. அதில் தண்ணீர் அதிகம், இனிப்பு குறைவு. ஆக, யார் எந்தப் பக்கம் கடிக்கிறார் என்பதை வைத்து, வீட்டில் யாருக்குப் பொறுமை அதிகம் என்று கண்டுபிடித்துவிடலாம்!

பிஸ்கட் விழாமல் இருக்க நோபல்... இல்லை, இக் நோபல்!

டீக்கடையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பத்துப் பேரில் பாதிப் பேர் கையில் பன்னோ, வர்க்கியோ, பொறையோ, பிஸ்கட்டோ இருக்கும். எல்லாம் டீயில் முங்கி எழும். ஒருவர் ஒரு நொடி காட்டிவிட்டு எடுப்பார். இன்னொருவர் சொதசொதவென்று ஊறவிட்டு, அது உடைந்து கிளாஸுக்குள் விழுந்ததும் கடைக்காரரிடம் "அண்ணே, ஒரு ஸ்பூன்" என்று கேட்பார்.

இதை ஒரு இயற்பியலாளரே ஆராய்ந்திருக்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த லென் ஃபிஷர், பிஸ்கட்டைச் சூடான பானத்தில் எப்படித் தோய்த்தால் உடையாது என்று கணக்குப் போட்டார். அதற்காக 1999-ல் அவருக்கு 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. அவர் சொன்ன வழி எளிமையானது. பிஸ்கட்டைச் செங்குத்தாக முக்காமல், படுக்கைவசமாகச் சாய்த்துத் தோய்க்க வேண்டும். அடிப்பக்கம் ஊறும், மேல்பக்கம் காய்ந்தே இருக்கும். அந்தக் காய்ந்த பக்கம் பிஸ்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நாளைக் காலையே சோதித்துப் பார்க்கலாம்!

அப்பளத்தைக் காதால் சாப்பிடுகிறோம்

கல்யாணப் பந்தியில் அப்பளம் வந்ததும் கவனியுங்கள். இலையில் விழுந்த வேகத்தில் உள்ளங்கையால் 'படார்' என்று நொறுக்கிச் சாம்பார் சாதத்தில் கலப்பவர் ஒருவர். கடைசியில் வரும் பாயசத்துக்காக அதைப் பத்திரமாக ஓரம் வைப்பவர் இன்னொருவர். "நமத்துப்போச்சு" என்று திருப்பிக் கொடுப்பவர் மூன்றாமவர்.

ருசி அதேதானே, நமத்தால் என்ன? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும், மாசிமிலியானோ சாம்பினியும் ஒரு சோதனை செய்தார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் ஹெட்போனை மாட்டி, அவர்கள் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தார்கள். சத்தம் கூடியபோது, "இது மொறுமொறுவென்று புதிதாக இருக்கிறது" என்றார்கள். சத்தம் குறைந்தபோது, "பழசு" என்றார்கள். சிப்ஸ் மாறவில்லை, சத்தம்தான் மாறியது. இவர்களுக்கு 2008-ல் இக் நோபல் கிடைத்தது.

சத்தம் தாங்காதவர்களும் உண்டு

அதே சத்தம் சிலருக்கு நரகம். வீட்டில் ஒருவர் 'சளக் சளக்' என்று மெல்லும்போது, இன்னொருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். "பெரிய மகாராணி! கூட உக்காந்து சாப்பிட மாட்டாளாம்" என்று பேச்சு எழும். சில குடும்பங்களில் இதனாலேயே மனக்கசப்பு வளர்ந்திருக்கும்.

அது திமிராக இருக்க வேண்டியதில்லை. மெல்லும் சத்தம், உறிஞ்சும் சத்தம் கேட்டாலே அடக்க முடியாத எரிச்சலும் பதற்றமும் வரும் நிலைக்கு 'மிசோஃபோனியா' என்று பெயர். 2001-ல்தான் அந்தப் பெயரே புழக்கத்துக்கு வந்தது. அவர்களைக் கேலி செய்வதைவிட, சாப்பிடும் நேரத்தில் டி.வி-யோ பாட்டோ மெதுவாக ஓடவிடுவது நல்லது. பின்னணியில் வேறு சத்தம் இருந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

பச்சரிசி டப்பா அடிக்கடி காலியாகிறதா?

நெல் விளையும் ஊரில், போகிற போக்கில் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போடுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்" என்று பெண் பிள்ளைகளைக் கேலி செய்வதோடு சரி.

ஆனால், அது தினமும் நடந்தால், நிறுத்த நினைத்தும் முடியாவிட்டால், கேலியை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ், விபூதி, செங்கல் தூள், மண், ஐஸ் கட்டி என்று எதையாவது தின்னத் தூண்டும் அடங்காத ஆசைக்கு, உடலில் இரும்புச்சத்து குறைந்திருப்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. மருத்துவர்கள் இதை 'பைகா' என்கிறார்கள். கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் இது அதிகம்.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பேரில் ஒருவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, முகம் வெளுப்பது ஆகியவற்றோடு இந்தப் பழக்கமும் சேர்ந்திருந்தால், தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காரணம் இரும்புச்சத்துக் குறைவுதான் என்றால், மாத்திரை எடுக்க எடுக்க அந்த ஆசை தானாகவே அடங்கிவிடுவதுண்டு. குழந்தைகளுக்குக் குடற்புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது! டீயில் உள்ள டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம். அதற்குப் பதில் கீரையோடு எலுமிச்சை பிழிந்தோ, ஒரு நெல்லிக்காய் கடித்தோ சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

"எனக்கு வேணாம்" என்றால் முடிந்துவிட்டதா?

கல்வராயன் மலைக் கிராமங்களில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அன்றாடச் சாப்பாடாக இருந்த காலம் உண்டு. ரேஷன் அரிசி வந்து பசியைப் போக்கியது நல்ல விஷயம். ஆனால், அரிசிச் சோற்றிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாமை என்றால் முகம் சுளிக்கிறது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, நகரத்துக் கடைகளில் அதே சாமை அழகான பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலைக்கு நிற்கிறது!

ஒரு குழந்தை புது உணவை ஒருமுறை துப்பிவிட்டால், "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு தயங்குவது இயல்பு. எட்டு, பத்து முறைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வைத்த பிறகுதான் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அடித்தோ மிரட்டியோ ஊட்டினால் வெறுப்புதான் வளரும். வீட்டில் பெரியவர்கள் அதை ருசித்துச் சாப்பிடுவதைக் குழந்தை பார்ப்பதுதான் நல்ல வழி.

விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வரும் பேரனிடம் "களி உடம்புக்கு நல்லது" என்று பாடம் எடுத்தால் ஓடிவிடுவான். அதே பாட்டி, "யார் மெல்லாம முழுங்குறாங்கன்னு பாக்கலாமா?" என்று ஒரு சுண்டைக்காய் அளவு களியை நெய்யிலும் குழம்பிலும் புரட்டி, பள்ளிக்கூடம் போகும் அந்தப் பையன் முன் நீட்டினால், அது விளையாட்டாகிவிடும். அடுத்த வருஷம் அவனே, "மெல்லக் கூடாதுடா" என்று தன் சிநேகிதனுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

அதனால் இன்று இரவு சாப்பிட உட்காரும்போது போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்துத் தட்டைக் கவனியுங்கள். தோசையின் ஓரத்தைக் காப்பாற்றுபவரைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். பச்சரிசி டப்பாவைத் தேடிப் போகிறவர் இருந்தால், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.