வீட்டுப் பட்டறைக்கு உறுதியான சிமெண்டுத் தரை

ரப்பர்த் தோட்டமாயினும் தேயிலைத் தோட்டமாயினும், தொழிலாளர் வீட்டின் பின்புறத்திலோ பக்கத்திலோ ஒரு கொட்டகை இருப்பதை நாம் காண்கிறோம். மோட்டார் சைக்கிள் நிற்பதும், மண்வெட்டியும் மருந்து தெளிக்கும் பம்பும் வைப்பதும், ஓய்வு நாளில் இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்ப்பதும் அங்கேதான். சில குடும்பங்களுக்கு அக்கொட்டகையே மாலை நேரத்தில் சிறு வருவாய் தரும் பட்டறையாகவும் விளங்குகிறது. ஆனால் அதன் தரை பெரும்பாலும் வெறும் மண்தான். மழைக்காலத்தில் அது சேறாகும். கீழே விழுந்த திருகாணி கிடைக்காது. ஜாக்கி ஒருபுறமாக மண்ணில் புதைந்தால் தூக்கி நிறுத்திய வண்டி சாய்ந்து காலை நசுக்கவும் கூடும். ஆகவே அத்தரைக்குச் சிமெண்டு போட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அதனை முறையாகச் செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதற்கு எடுத்துக்காட்டாக நாம் பகாங் மாநிலத்தின் கேமரன் மலையைத் தேர்ந்துகொள்கிறோம். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறிப்பெழுதிய இம்மலைப்பகுதியில், 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவுகளைத் திருத்தி, கொழுந்து பறித்த உழைப்பில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. பழைய லேண்ட் ரோவர் வண்டிகளுக்கும் இம்மலை பெயர் பெற்றது. காய்கறியும் உரமும் ஏற்றிச் செங்குத்தான பாதைகளில் ஓடும் அவ்வண்டிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே பலர். குளிர், மூடுபனி, ஓயாத மழை, சரிவு நிலம் ஆகிய நான்கும் கூடிய இவ்விடத்தில் நிலைத்து நிற்கும் தரை வேறெங்கும் நிலைத்து நிற்கும் என்று துணிந்து கூறலாம்.

அண்மையில் மலைத் தோட்டம் ஒன்றின் குடியிருப்பில் நாம் ஒரு கொட்டகையைப் பார்த்தோம். ஓராண்டுக்கு முன் வீட்டுக்காரரே தம் சேமிப்பைச் செலவிட்டுப் போட்ட தரை குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. மேற்பரப்பு மாவுபோல் உதிர்ந்துகொண்டிருந்தது. "சிமெண்டைக் குறைக்கவில்லையே ஐயா, பின் ஏன் இப்படி ஆயிற்று?" என்று அவர் வருந்திக் கேட்டார். அவருடைய கேள்விக்கு விடை இரண்டு. ஒன்று, தரையின் பாதி வெட்டிய மண்மேலும் மறுபாதி கொட்டி நிரப்பிய மண்மேலும் அமைந்திருந்தது. மற்றொன்று, கலவை எளிதாகப் பரவட்டும் என்று தண்ணீரை மிகுதியாக ஊற்றிவிட்டார்கள். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்குக் கூடுதல் பணம் வேண்டியதில்லை; விவரம் தெரிந்திருந்தால் போதும்.

முதற்கண் அனுமதி

தோட்ட வீடு நிருவாகத்திற்குச் சொந்தமானது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி, தாம் வழங்கும் வீடுகளை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை. எனவே தரை போடுமுன் நிருவாகியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். செலவில் எவ்வளவு தோட்டம் ஏற்கும், வேலையை விட்டுச் செல்லும்போது தரைக்கு ஈடு உண்டா என்பவற்றையும் அக்கடிதத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுவது நன்று. வாய்ச்சொல்லை நம்பிச் செலவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது மேல்.

மலையில் அனுமதி கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2011 ஆகஸ்டில் சுங்கை ரூயில் பூர்வகுடியினர் கிராமத்தில் மண் சரிந்து எழுவர் மாண்டனர். 2024 ஜனவரியில் புளூ வேலியில் தொழிலாளர் தங்கியிருந்த வீட்டின்மேல் மண் சரிந்து ஐவர் உயிரிழந்தனர். சரிவின் அடிப்பகுதியை வெட்டி இடத்தை அகலப்படுத்துவது, மேலுள்ள மண்ணைத் தாங்கும் காலை வெட்டுவது போன்றதாகும். கொட்டகைக்கு இடம் போதவில்லை என்பதற்காக எவரும் தாமே சரிவைத் தோண்டலாகாது. சரிவில் புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, கலங்கிய ஊற்று நீரோ தென்பட்டால் அவ்விடத்தில் தரை போடும் எண்ணத்தைக் கைவிட்டு உடனே நிருவாகத்திற்கு அறிவித்தல் வேண்டும்.

அடித்தளமே ஆதாரம்

சிமெண்டுத் தரை தன் எடையையும் வண்டியின் எடையையும் அடிமண்ணுக்குக் கடத்துகிறது. அடிமண் சமமாக இறுகியிராவிடில் மேல்தரை எத்துணை உறுதியாயினும் வெடிக்கும். ஆதலால் புல், வேர், கறுப்பு மண் ஆகியவற்றை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை வெட்டி அகற்ற வேண்டும். இயன்றவரை தரை முழுவதும் வெட்டிய கெட்டி மண்மேல் அமையுமாறு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கல்லும் கல்தூளும் கலந்த சரளையை 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, சிறிது நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் நன்றாக இடிக்க வேண்டும். குதிகாலை ஊன்றி அழுத்தினால் தடம் பதியாதிருப்பதே போதுமான இறுக்கத்திற்கு அடையாளம்.

கொட்டகையின் மேற்புறத்தில், மலையிலிருந்து வரும் நீரைத் திருப்பிவிட ஒரு வடிகாலும் தேவை. தரையின்கீழ் நீர் புகுந்தால் சரளைக்கு அடியிலுள்ள மண் இளகிவிடும். சரளைமேல் மெல்லிய மணல் பரப்பி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்தால், கீழிருந்து ஈரம் ஏறுவதும் கலவையின் நீரை மண் உறிஞ்சுவதும் தடைபடும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று 30 சென்டிமீட்டர் அளவு படிந்திருக்க வேண்டும்.

பட்டறைத் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்வாகவும், வாசலை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவாகவும் இருத்தல் நலம். அப்போதுதான் எண்ணெயும் மழைநீரும் வீட்டுக்குள் வாரா. வீட்டுச் சுவருக்கும் புதிய தரைக்கும் இடையே தடித்த அட்டையை நிறுத்தி ஒரு சிறு இடைவெளி விட்டால், தரை சிறிது அசைந்தாலும் சுவர் பாதிக்கப்படாது.

சிமெண்டு காய்வதில்லை

ஈரத்துணி காய்வதுபோல் சிமெண்டும் காய்ந்து கெட்டியாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்லண்ட் என்னும் ஊரின் கட்டடக் கல்லை ஒத்திருந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. சிமெண்டு நீரோடு வேதியியல் முறையில் கூடிப் புதிய பொருளாக மாறுவதால்தான் கல்லாகிறது. ரிங்லெட்டில் 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை, நீரைத் தேக்கிக்கொண்டே இத்தனை ஆண்டுகள் நிற்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நீர் சிமெண்டின் பகையன்று. ஆயினும் கலவையில் தேவைக்கு மிஞ்சிய நீர், பின்னர் வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகளை விட்டுச் செல்கிறது. நாம் கண்ட தரை மாவாக உதிர்ந்ததற்குக் காரணம் இதுவே.

அளவும் கலவையும்

3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள கொட்டகைக்கு 10 சென்டிமீட்டர் கனத்தில் தரை போடுவதாகக் கொள்வோம். மோட்டார் சைக்கிளுக்கும் கருவி மேசைக்கும் இக்கனம் போதும். லேண்ட் ரோவர் ஏறுவதாயின் 15 சென்டிமீட்டர் வேண்டும். 10 சென்டிமீட்டர் கனத் தரையின் கொள்ளளவு 1.2 கன மீட்டர். 1 பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 3 பங்கு கருங்கல் சல்லி என்ற விகிதத்தில் 50 கிலோ மூட்டை 9 தேவைப்படும். சேதாரத்திற்காக ஒன்று கூட்டி 10 மூட்டை வாங்கலாம். ஒரு மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளளவு உடையது. ஆகவே மூட்டை ஒன்றுக்கு மணல் 70 லிட்டர், சல்லி 105 லிட்டர். ஒரே வாளியால் எல்லாவற்றையும் அளப்பது பிழையைத் தவிர்க்கும்.

மூட்டை ஒன்றுக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேற்படலாகாது. மலையில் மணல் எப்போதும் நனைந்தே இருக்குமாதலால் இன்னும் குறைத்து ஊற்ற வேண்டும். கலவையைக் கையில் உருண்டையாகப் பிடித்தால் உருவம் நிற்க வேண்டும், விரலிடையே ஒழுகலாகாது.

மணலின் தூய்மையும் முக்கியம். சரிவுகளில் நிலம் வெட்டப்படுவதால் கேமரன் மலை ஆறுகளில் சேறு மிகுதியாக வருகிறது. ரிங்லெட் ஏரியில் அது படிந்து கிடப்பதைப் பலரும் அறிவர். சேறு கலந்த மணல் சிமெண்டைப் பற்றாது. ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலும் நீரும் சிறிது உப்பும் இட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், மணல் கீழேயும் சேறு மேலேயும் படியும். 10 சென்டிமீட்டர் மணலுக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் சேறு படிந்தால் அம்மணலைக் கழுவாமல் பயன்படுத்தலாகாது.

மூடுபனி படும் இடத்தில் சிமெண்டு மூட்டையைத் தரையில் வைத்தால் சில வாரங்களிலேயே கட்டி பிடிக்கும். பலகைமேல் அடுக்கித் தார்ப்பாயால் மூடி வைப்பதும், வேலைக்கு முதல் நாளே வாங்குவதும் சிறந்தவை.

ஊற்றும் நாள்

மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால் வேலையைக் காலையிலேயே தொடங்க வேண்டும். கூரை முதலில், தரை பிறகு என்பது நினைவிருக்கட்டும். ஒரே மூச்சில் ஊற்றி முடிக்கக் குறைந்தது நால்வர் தேவை. அண்டை வீட்டார் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் முறை இதற்கு மிகவும் ஏற்றது. இன்று ஒரு வீடு, அடுத்த ஞாயிறு மறு வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

ஓரங்களில் பலகைச் சட்டம் நிறுத்தி, இரசமட்டம் கொண்டு சரிவைச் சரிபார்த்த பின், 6 மில்லிமீட்டர் கம்பிவலையைச் சிறு கற்கள்மேல் வைக்க வேண்டும். வலை தரையின் அடியில் கிடந்தால் பயனில்லை. மேற்பரப்பிலிருந்து 4 சென்டிமீட்டர் கீழே இருப்பதே அதன் இடம். கலவையைக் கொட்டி மண்வெட்டியால் குத்திக் காற்றை வெளியேற்றி, நேரான மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்த வேண்டும். மேலே கசியும் நீர் மறையும் வரை காத்திருந்து, பின்னரே மரக்கட்டையாலும் கரணையாலும் தேய்க்க வேண்டும். குளிரில் சிமெண்டு மெதுவாக இறுகுவதால் மலையில் இக்காத்திருப்பு நீளும். பொறுமையிழந்து உலர்ந்த சிமெண்டைத் தூவி ஈரத்தைப் போக்குவோரும் உண்டு. அத்தகைய மேற்பரப்பு நாளடைவில் தகடு தகடாகப் பெயர்ந்துவிடும்.

4 மீட்டர் நீளத்தின் நடுவே, குறுக்காக 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கோடு வெட்டிவிட வேண்டும. தரை சுருங்கும்போது வெடிப்பு அக்கோட்டுக்குள் அடங்கிவிடும்.

ஈரம் காத்தல்

மறுநாள் முதல் நனைந்த சாக்கை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை மூடித் தரையை ஈரமாகவே வைத்திருத்தல் வேண்டும். ரப்பர்த் தோட்டங்களின் வெப்பமான சமவெளியில் இதனை 7 நாள்கள் தவறாது செய்ய வேண்டும். அங்கே வெயிலும் காற்றும் சில மணி நேரத்தில் ஈரத்தைக் கவர்ந்துவிடும். குளிர்ந்த மலையிலோ 10 நாள்கள் காப்பது நலம். தரை முதல் வாரத்தில் தன் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பெறுகிறது. முழுமையாகக் கணக்கிடப்படுவது 28ஆம் நாளில். 10 நாள்களுக்குப் பின் மோட்டார் சைக்கிளையும், 28 நாள்களுக்குப் பின் கனமான வண்டியையும் ஏற்றலாம்.

உடலைக் காத்தல்

ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. அதில் முழங்காலிட்டு நெடுநேரம் வேலை செய்தால், முதலில் வலி தெரியாமலேயே தோல் வெந்துவிடும். நாம் சீவும் பாலிலிருந்து உருவாகும் ரப்பர்க் கையுறையும் காலணியும் இங்கே நம்மையே காக்கின்றன. அவற்றை அணியத் தயங்கலாகாது. கண்ணில் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவி உடனே மருந்தகம் செல்ல வேண்டும். சிறுவரை அருகில் விடலாகாது. தரை முடிந்த பிறகு, குளிருக்காகக் கதவை மூடிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவது பேராபத்து. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உயிரைப் பறிக்க வல்லது.

ரப்பர்த் தோட்ட அன்பர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் சிமெண்டை அரிக்கும். அமிலக் கலத்தைப் பட்டறையில் வைக்க நேர்ந்தால், பிளாஸ்டிக் தட்டின்மேல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட அன்பர், பிளந்த தரையைப் பெயர்த்துவிட்டு மீண்டும் போட முடிவு செய்துள்ளார். இம்முறை நிருவாகத்தின் அனுமதிக் கடிதம் அவர் கையில் இருக்கிறது; நிரப்பிய மண்ணை விட்டு விலகி இடமும் மாற்றியிருக்கிறார். பெயர்த்த துண்டுகளை உடைத்து அடித்தளத்திற்கே பயன்படுத்தலாம் என்று நாம் கூறியபோது, செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியாவது வீணாகவில்லை என்று அவர் முகம் மலர்ந்தார். அவர் பட்ட இழப்பு மற்றவர்க்கு நேராதிருக்க, கலவையில் நீரைக் குறைத்து, போட்ட தரைக்கு நீரை நிறைத்து, அவசரமின்றிச் செய்வோமாக.