உடைத்தால்தான் திறக்கும்

பண்டைய எகிப்தில் ஒயின் ஜாடியை யாரும் நாசூக்காகத் திறக்கவில்லை. ஒரே போடு. பல சமயம் களிமண் மூடியோடு ஜாடியின் கழுத்தும் சேர்ந்து வந்துவிடும். கி.மு. 14-ம் நூற்றாண்டில் மன்னன் மூன்றாம் அமென்ஹோடெப் கட்டிய மால்கட்டா அரண்மனையின் இடிபாடுகளில் இப்படி உடைபட்ட மூடிகள் ஏராளம். ஜாடிகளின் தோளில் மையால் எழுதிய குறிப்புகள் மட்டும் அங்கே சுமார் 1,400 கிடைத்தன.

நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டினால் போதும். ஒயினுக்கு அது போதாது. காற்று பட்டால் காடியாகிவிடும். ஆகவே ஜாடியின் வாயில் முதலில் நாணல், வைக்கோல் அல்லது இலைகளைத் திணித்தார்கள். சிலவற்றில் வட்டமான ஓட்டுச் சில்லு இருந்தது. அதன்மேல், நைல் வண்டலில் நறுக்கிய வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்து வாயையும் கழுத்தையும் மூடிப் பூசினார்கள். வைக்கோல் சேராத மண் காய்ந்ததும் வெடித்துவிடும் அல்லவா?

சிக்கல் உள்ளே இருந்தது. நொதித்தல் அடங்குமுன் இறுக மூடினால், கரியமில வாயு வெளியேற வழியின்றி ஜாடியே உடைந்துவிடும். இதற்காகச் சில ஜாடிகளில் சிறு துளை விட்டு, பிறகு அதையும் அடைத்தார்கள்.

மண் ஈரமாக இருக்கும்போதே முத்திரை குத்துவார்கள். அழகுக்காக அல்ல, காவலுக்காக. இடையில் கைவைத்தவன் புது மண் பூசிவிடலாம். முத்திரைக்கு எங்கே போவான்? 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையின் ஒயின் ஜாடிகளில், எந்த ஆண்டின் ஒயின், எந்தத் தோட்டம், ஒயின் தயாரித்த தலைமைப் பணியாளர் யார் என்பதுவரை எழுதியிருந்தார்கள். ஒயின் மட்டும் எப்போதோ ஆவியாகிவிட்டது. எஞ்சியிருந்த படிவை ஆராய்ந்த பார்சிலோனா பல்கலைக்கழகத்தினர், ஒரு ஜாடியில் இருந்தது சிவப்பு ஒயின் என்று 2004-ல் அறிவித்தார்கள்.

அரசர்களின் வரலாறும் இந்த மண்ணில் ஒட்டியிருக்கிறது. முதல் வம்ச காலத்தில், அதாவது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், உருளை முத்திரையை ஈர மண்ணில் உருட்டிப் பெயர் பதித்தார்கள். 1899-ல் அபிடோஸ் மயானத்துக்கு வந்த பிளிண்டர்ஸ் பெட்ரி, முன்பு தோண்டியவர் விட்டுச்சென்ற முத்திரைத் துண்டுகளைக்கூடப் பொறுக்கி வரைந்துவைத்தார். மன்னர்களின் வரிசை பற்றிய சர்ச்சை மட்டும் ஓயவில்லை. 1985-ல் அதே இடத்தில், மன்னன் டென் கல்லறையருகே ஜெர்மன் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த மண் முத்திரைப் பதிவுகள் அதற்கு விடை சொல்லின. நார்மரில் தொடங்கி டென் வரை ஐந்து மன்னர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கூடவே ஒரு பெண்ணின் பெயர்: மன்னனின் தாய் மெர்நெய்த்.

அந்த மெர்நெய்த்தின் கல்லறையில் வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியானா கோலர் தலைமையிலான குழு நூற்றுக்கணக்கான ஒயின் ஜாடிகளைக் கண்டெடுத்ததாக 2023-ல் செய்தி வந்தது. சில ஜாடிகளில் மூடி அப்படியே இருந்தது. ஜாடிகளுக்குள்ளே கிடைத்தவற்றில் திராட்சை விதைகளும் உண்டு.