பட்டணம் பார்க்கப் போகலாம், பாப்பாவோடு!



நம் உறுப்பினர்கள் சென்னைக்குப் போய்வருவது இப்போது அபூர்வம் இல்லை. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி என்றால் நம் பொருட்களைக் கொண்டுபோகிறோம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், ஆஸ்பத்திரி, வேலைக்குப் போன மகனின் வீடு என்றும் போகிறோம். போன இடத்தில், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, நாலு இடம் பார்த்துட்டுப் போவோமே" என்று ஆசை வரும். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இடுப்பில் ஒன்றரை வயதிலோ இரண்டரை வயதிலோ ஒரு பிள்ளை இருந்தால், அந்த ஆசைக்குக் கொஞ்சம் திட்டமும் வேண்டும்.

ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி தன் அனுபவத்தைச் சொன்னார். ராத்திரி பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கியிருக்கிறார்கள். அவரும் வீட்டுக்காரரும், இரண்டரை வயதுப் பெண் குழந்தையும். குளித்துச் சாப்பிட்டு, வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்து தியாகராய நகர் கடைத்தெரு. அங்கே பாப்பா ஒரே அழுகை. "தூக்கு தூக்கு"ன்னு அடம். ஆத்திரத்தில் முதுகில் ரெண்டு வைத்திருக்கிறார். இருட்டும் நேரத்தில் மெரினா. சோளம் வாங்க நின்றபோது, பாப்பா அப்பாகிட்ட இருக்கா என்று இவர் நினைக்க, அம்மாகிட்ட இருக்கா என்று அவர் நினைக்க, திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம்!

இருபது நிமிஷம் கழித்து, பலூன் விற்கும் ஒரு அம்மாவின் மடியில் பாப்பா கிடைத்தாள்.

"அந்த இருபது நிமிஷம் செத்துப் பிழைச்சேன் அக்கா. அன்னைக்கு என்னென்ன பார்த்தோம்னு கேட்டா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. பிள்ளைய அடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டார்.

"நீதாம்மா கவனமா இருந்திருக்கணும்" என்று பலரும் சொன்னோம். ஒரு மூத்த உறுப்பினர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "தப்பு கடற்கரையில நடக்கலை. ஒரே நாள்ல மூணு இடம்னு காலையில முடிவு பண்ணீங்களே, அப்பவே நடந்துபோச்சு. சாயங்காலம் உங்க மூணு பேருக்குமே தெம்பு இல்லை. அப்புறம் கவனம் எங்கிருந்து வரும்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிள்ளையின் நாள் எப்படி இருக்கும்?

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது முடியும்வரை பிள்ளைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதானால் 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. வீட்டில் மத்தியானம் தூங்குகிற பிள்ளை ஊருக்கு வந்த இடத்திலும் அதே நேரத்துக்குத் தூக்கம் கேட்கும். கிடைக்கவில்லை என்றால் அழும், கத்தும், தரையில் உருளும். அதைத்தான் நாம் 'அடம்' என்கிறோம். உண்மையில் அது களைப்பு.

ஆகவே கணக்கு எளிது. ஒரு நாளைக்கு ஒரு இடம். காலையிலேயே கிளம்பி, வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். சாயங்காலம் தெம்பு இருந்தால் பக்கத்தில் ஒரு பூங்கா. இல்லையா, திண்ணையில் உட்கார்ந்து போகிற வண்டிகளை வேடிக்கை காட்டுங்கள். பிள்ளைக்கு அதுவும் பட்டணம்தான்.

ராத்திரிப் பயணம் செய்து வந்திறங்கிய நாளில் எங்கும் போக வேண்டாம். தென் மாவட்டங்களிலிருந்து போகும் பெரும்பாலான அரசுப் பேருந்துகள் இப்போது 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் நிற்கின்றன. வண்டலூர் அங்கிருந்து பக்கம். "இறங்கின கையோடு பார்த்துடலாமே" என்று தோன்றும். தூங்காத பிள்ளை சிங்கத்தைப் பார்த்தாலும் அழத்தான் செய்யும்.

எந்த இடம் ஏற்றது?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா: செவ்வாய்க்கிழமை விடுமுறை. நகரத்திலிருந்து போவதாக இருந்தால் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்கலாம். ரொம்பப் பெரிய பூங்கா. முழுவதும் சுற்ற நினைக்காதீர்கள். பேட்டரி வண்டி இருக்கிறது, காசைப் பார்க்காமல் ஏறிவிடுங்கள். குரங்கு, மான், நீர்யானை, பறவைகள் என்று நாலு பார்த்தால் சின்னப் பிள்ளைக்குப் போதும். பிளாஸ்டிக் பைகளை உள்ளே விடமாட்டார்கள். துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் கொண்டுபோங்கள்.

கிண்டி சிறுவர் பூங்கா: இதற்கும் செவ்வாய் விடுமுறை. 2024-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். வண்டலூரை விடச் சின்னது, மர நிழல் உண்டு, விளையாட இடம் உண்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வண்டலூரா கிண்டியா என்றால் கிண்டி என்றுதான் சொல்வோம். பாம்புப் பண்ணையும் பக்கத்திலேயே இருக்கிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம்: வெள்ளிக்கிழமை விடுமுறை. 1851-இல் தொடங்கியது. பெரிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்தால் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். எல்லாக் கட்டடமும் ஏறி இறங்க வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

செம்மொழிப் பூங்கா: 2010-இல் திறந்தது. ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில். கண்காட்சிக்கு வந்தவர்கள் நுங்கம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். பூவும் செடியும் பார்த்து, பிள்ளை கொஞ்சம் ஓடியாட ஏற்ற இடம்.

மெரினா: சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மத்தியானம் மணல் சுடும். அலையில் காலை நனைக்கலாம் என்று பிள்ளையோடு இறங்காதீர்கள். அந்தக் கடலில் இழுப்பு அதிகம், பெரியவர்களையே இழுத்துவிடும். குளிப்பதற்கும் அங்கே தடை இருக்கிறது. ஈர மணலுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து வீடு கட்டி விளையாட விடுங்கள்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. கோளரங்கத்தில் விளக்கை அணைத்தால் சின்னப் பிள்ளை மிரண்டு அழும். அதைப் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதன் தெருவுக்குத் துணி எடுக்கப் போவதானால், பிள்ளையை ஒருவரிடம் விட்டுவிட்டு ஒருவர் போங்கள். காணும் பொங்கல் அன்று மெரினாவும் வண்டலூரும் வேண்டவே வேண்டாம்.

எப்படிப் போவது?

காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8, இந்த இரண்டு நேரமும் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் நசுங்கல்தான். ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி இருக்கிறது. அரசுப் பேருந்தில் 5 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். ரயிலிலும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்.

மெட்ரோ ரயில் பிள்ளைக்குப் பெரிய வேடிக்கை. ஆனால் எஸ்கலேட்டரில் பிள்ளையை நடக்க விடாதீர்கள். ரப்பர் செருப்பும் சேலைத் தலைப்பும் அதில் சிக்கும். லிஃப்ட் எங்கே என்று கேளுங்கள், எல்லா நிலையத்திலும் இருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

* இரண்டு செட் மாற்றுத் துணி, பழைய பருத்தித் துணி, ஒரு துண்டு
* காய்ச்சி ஆற்றிய தண்ணீர், பிள்ளைக்கென்று தனி டம்ளர்
* தொப்பி, சின்னக் குடை
* இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிள்ளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, தடுப்பூசி அட்டை
* வீட்டில் பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையோ துணியோ. புது இடத்தில் தூங்க வைக்க இது பெரிய உதவி.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை 2015 முதல் இருக்கிறது. பூட்டியிருந்தால் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள், அது நமக்காகக் கட்டியது. பிள்ளை துவண்டுபோனால், கண் உள்வாங்கினால், சிறுநீர் குறைந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 108.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை

பொடி தடவிய இட்லி, சத்துமாவு உருண்டை, வாழைப்பழம், இவை காலை வெளியே போக நல்ல சாப்பாடு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும்.

கடற்கரைச் சுண்டலையும் வேர்க்கடலையையும் சின்னப் பிள்ளைக்கு அப்படியே கொடுக்காதீர்கள். முழுக் கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, மிட்டாய் எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஓடும்போதோ சிரிக்கும்போதோ வாயில் எதுவும் இருக்கக் கூடாது. சுண்டலை நசுக்கி, திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

அடைத்துக்கொண்ட பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வரவில்லை, மூச்சு விட முடியவில்லை என்றால் முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை வேகமாகத் தட்டுங்கள். கூடவே ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

கை விட்டுப் போகாமல் இருக்க

"நீ பார்த்துக்குவேன்னு நினைச்சேன்" என்பதுதான் பிள்ளை தொலைகிற வழி. அதனால் பொறுப்பை வாய் திறந்து சொல்லி மாற்றுங்கள். "பாப்பாவ நீங்க பிடிச்சுக்கோங்க, நான் சோளம் வாங்கப் போறேன்" என்று சொல்லி, "சரி" என்று பதில் வந்த பிறகு கையை விடுங்கள்.

கிளம்புமுன் பிள்ளையை அன்றைய உடையில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். உங்கள் போன் நம்பரைப் பேனாவால் பிள்ளையின் கையில் எழுதுங்கள். காணும் பொங்கலுக்கு மெரினாவில் போலீஸாரே பிள்ளைகளின் கையில் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், அதே யோசனைதான். தங்கச் சங்கிலி, வளையல் வேண்டாம்.

தப்பித் தவறிப் பிள்ளையைக் காணோம் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சத்தம் போட்டுச் சட்டை நிறத்தைச் சொல்லுங்கள். ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் தேடட்டும். தண்ணீர்ப் பக்கமும் சாலைப் பக்கமும் முதலில் பாருங்கள். உடனே 112 அல்லது 1098-க்குப் பேசுங்கள். ரயில் நிலையம் என்றால் 139.

குழுவாகப் போனால் சுலபம்

கண்காட்சிக்கு நாலு பேர் போகிறோம் என்றால், கடையில் இரண்டு பேர், பிள்ளைகளோடு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். செலவையும் கூட்டத்திலேயே பேசி எழுதுங்கள். ஆட்டோவுக்கும் பேட்டரி வண்டிக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். துணிமணிக்குச் செலவழித்துவிட்டு ஆட்டோ காசை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பிள்ளையை வெயிலில் நடக்க வைக்கிறோம்.

அந்தத் தங்கச்சி அடுத்த தடவை போனபோது இரண்டு நாள் தங்கி, ஒரே ஒரு இடம்தான் பார்த்தார்கள். கிண்டி. பத்தரை மணிக்கு வெளியே வந்து, பஸ்ஸிலேயே பாப்பா தூங்கிவிட்டாளாம். "என்னம்மா, வேற எங்கயும் போகலையா?" என்று கேட்டோம். "இல்லக்கா. ஆனா மான் எப்படிக் குதிச்சுதுன்னு இன்னும் குதிச்சுக் காட்டுறா" என்றார்.

சகோதரிகளே, இதை உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். 112, 1098, 108, 139 ஆகிய நான்கு நம்பர்களையும் இன்றே செல்போனில் பதிந்துவையுங்கள். பிள்ளையோடு நீங்கள் போய்வந்த அனுபவத்தை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.