பதறாத காரியம் சிதறாது

ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நமக்கு வயலும் வரப்பும் தூரத்துக் காட்சிகளே. ஆயினும் வயலில் நேரும் நட்டம் நம் அடுக்களை அரிசிப் பானையில் வந்து தெரியும் என்பதை 2021, 2022ஆம் ஆண்டுகளில் தலைநகரத்துக் குடும்பங்கள் அனுபவத்தால் அறிந்தன. மண்ணைக் காக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கமொன்று அரசியல் அவசரத்தாற் குலைந்த வரலாறு அது. மாணவர்களும் பெற்றோரும் அதனை ஆராய்ந்து பார்த்தல் தகும்.

பசளை வந்த கதை

இலங்கை அரசாங்கம் 1962ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளைக்கு மானியம் வழங்கத் தொடங்கிற்று. புதிய நெல்லினங்களும் பசளையும் சேர்ந்து விளைச்சலைப் பெருக்கின. அளவுமீறி இடும் பசளை மண்ணையும் நீர்நிலைகளையும் கெடுக்கும் என்ற கவலையும் உடன் வளர்ந்தது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிற் பரவிய சிறுநீரக நோய்க்கு விவசாய இரசாயனங்கள் காரணமோ என்ற ஐயமும் எழுந்தது. காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

2019ஆம் ஆண்டுத் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ, பத்தாண்டுகளில் விவசாயத்தைச் சேதனப் பசளைக்கு மாற்றுவதாக வாக்களித்தார். ஆனால் 2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. நாட்டிலே டொலர் அருகியிருந்த காலம் அது. எனவே, செலாவணியை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் அதிற் கலந்திருந்தது எனப் பலர் கருதினர்.

மூடைக் கணக்கு

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு 2 பங்கு நைதரசன் இருப்பதாகக் கொண்டாலும், அதே அளவைப் பெற ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எரு வேண்டும். நாடு முழுவதற்கும் வேண்டிய எருவைச் சில மாதங்களில் ஆக்குவதெங்ஙனம்? சீனாவிலிருந்து கப்பலில் வந்த 20,000 தொன் சேதனப் பசளையிலோ தீய பக்றீரியா இருப்பதாக இலங்கைப் பரிசோதகர் அறிவித்தனர். கம்பனி அதை மறுத்தது. சரக்கு இறக்கப்படவில்லை, எனினும் 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது.

2021 நவம்பரிலே தடை நீங்கியது. எனினும் காலம் கடந்துவிட்டது. 2020-21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், அடுத்த பெரும்போகத்தில் 19 இலட்சமளவிற்கு வீழ்ந்தது. செலாவணியை மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட நாடு அரிசி வாங்கச் செலாவணியைத் தேடியது! 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, எரிபொருள் தட்டுப்பாடும் சேர 2022இல் 25 கோடியாகக் குறைந்தது. மலையகத்திலே கொழுந்து அருகியபோது, குறித்த நிறையைப் பறிக்க இயலாத தொழிலாளர் கூலியை இழந்தனர். கட்டளையிட்டவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர்.

கேளாத குரல்

கமக்காரர் சேதனப் பசளைக்குப் பகைவரோ எனின், அல்லர். 2021 யூலையில் வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் அவர்களை விசாரித்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அக்கொள்கையை ஆதரித்தனர். ஆனால் அவ்வாறு ஆதரித்தோரிற் பெரும்பாலார் ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசம் வேண்டுமென்றனர். அவர்கள் கேட்டது காலமும் பயிற்சியுமே.

இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் இதே வழியிற் புறப்பட்டு, பசளை மானியத்தை ஆண்டுதோறும் குறைத்து, 2016இலேதான் முழுச் சேதன விவசாய மாநிலமென அறிவிக்கப்பட்டது. அது சிறிய மாநிலம். ஏலமும் இஞ்சியும் விளைவது. அரிசிக்கு வெளியாரை நம்பியிருப்பது. அதற்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

இப்பாடம் பசளையோடு முடிவதன்று. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைக் காற்று, வெயில், நீர் முதலியவற்றினின்றும் பெற இலங்கை இலக்கு வகுத்துள்ளது. இலக்கு நன்றே. ஆயினும் மன்னார்த் தீவிலே காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் குரலெழுப்பியதை மறத்தலாகாது. இயற்கையைக் காக்கும் மாற்றம் வரவே வேண்டும். அதன் சுமையைத் தாங்கப்போகின்றவரை முதலிற் கேட்டு, அவருக்கு ஈடும் அவகாசமும் வழங்கிய பின்னரே கட்டளை பிறத்தல் வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னதை ஆள்வோரும் மறவாதிருப்பாராக.