வீட்டுச் சமையல் ஏன் குறையுது? பெரம்பலூர், அரியலூரில் மாறும் அடுப்படி

“இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு உடம்பு வளையல, அதான் மாவு பாக்கெட்டும் நூடுல்ஸும்.” கல்யாண வீட்டுப் பந்தியில தொடங்கி டீக்கடை பெஞ்ச் வரைக்கும் கேட்கும் பேச்சு இது. ஆனா கணக்கைப் பார்த்தால் கதை வேற!

மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுப்படி, 1999-2000-ல் இந்திய கிராமத்துக் குடும்பச் செலவில் தானியத்தின் பங்கு சுமார் 22 சதவீதம். 2022-23-ல் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதே ஆண்டில் பானங்கள், ஹோட்டல் சாப்பாடு, பாக்கெட் உணவுகளுக்கு ஆன செலவு 9.62 சதவீதம். ரேஷன் அரிசியும் தானியச் செலவைக் குறைத்திருக்கிறது. ஆனா பாக்கெட் செலவு ஏறியதற்கு அது மட்டும் காரணம் இல்லை.

நேரம் எங்கே போகுது?

2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இது வீட்டு வேலை செய்யும் ஆண்களின் கணக்கு மட்டும்தான். அடுப்படிப் பக்கமே போகாதவர்கள் இதில் இல்லை.

இப்போ இந்த மாவட்டங்களுக்கு வருவோம். பெரம்பலூர் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் இன்னொன்றுக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. காலணித் தொழிலில் பெரும்பாலும் பெண்கள்தான். விடிகாலை ஷிப்ட்டுக்கு வண்டி ஏறுபவர் முந்தின நாள் அரிசி ஊறப்போட்டு, ஆட்டி, இரவெல்லாம் புளிக்க வைப்பது எப்போ? சின்ன வெங்காயம் நடவுக்கும் மக்காச்சோள அறுவடைக்கும் போகிறவர்கள் நிலைமையும் இதேதான். வெளி வேலை கூடியிருக்கு, வீட்டு வேலையில் பங்கு போட ஆள் கூடல.

இன்னொன்றும் கவனிக்கணும். இந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் வரகு விளைந்தது. அது அடுப்படியை விட்டுப் போனது நூடுல்ஸ் வந்ததால் அல்ல. வரகின் உமி கடினமானது. உரலில் குத்திக் குத்திக் கை சலித்தவர்கள் அரிசி கிடைத்ததும் மாறினார்கள். இன்று தமிழ்நாட்டில் மக்காச்சோள சாகுபடியில் முன்னணியில் இருக்கும் மாவட்டம் பெரம்பலூர். அந்தச் சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கும் ஸ்டார்ச் ஆலைக்கும் போகிறது. ஊர்ச் சட்டியில் வேகுவது கொஞ்சம்தான்.

எந்த பாக்கெட் பிரச்சனை?

எல்லாம் ஒன்றில்லை. இட்லி மாவு பாக்கெட் என்பது அரிசியும் உளுந்தும்தான். சுத்தமாக அரைத்து, சரியாக வைத்திருந்தால் அதைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ், கிரீம் பிஸ்கட் வேற ரகம். உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றும் அங்கேதான் ஒளிந்திருக்கு.

கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு: பாக்கெட் பின்னால் ‘சோடியம்’ எத்தனை மில்லிகிராம் என்று பாருங்க. அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பே நாளுக்கு 5 கிராமுக்குள். அச்சிட்டிருக்கும் அளவு 100 கிராமுக்கா, முழு பாக்கெட்டுக்கா என்பதையும் பார்த்துக்கோங்க. விலையும் இப்போ இறங்குமுகம்தான்: 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகவும், நூடுல்ஸுக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது.

பிள்ளைகளின் காலைச் சாப்பாடு?

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். வேலைக்குப் போகும் தாய்க்கு இது பெரிய ஆறுதல். ஆனா திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மதியச் சத்துணவு உண்டு, காலை உணவு இல்லை. வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அந்தப் பிள்ளை கையில் இருப்பது பத்து ரூபாய், பள்ளிக்கூட வழியில் இருப்பது பெட்டிக்கடை.