பங்கு பிரித்தாலும் பாசம் பிரியாதிருக்க

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் எம் மக்கள் பலமுறை ஊர்விட்டு ஓட நேர்ந்தது. 1990இல் ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் எழுவான்கரையைக் கடல் அள்ளிச் சென்றது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையும் படுவான்கரையும் வெறிச்சோடின. திரும்பி வந்தபோது பற்றை மூடிய வளவும் வரம்பு தெரியாத வயலுமே எஞ்சியிருந்தன. பற்றையை வெட்டினோம், கிணற்றை இறைத்தோம். ஆயினும் "இது யாருடைய பங்கு?" என்ற கேள்வி பல குடும்பங்களில் இன்றும் தீராதிருக்கிறது. அகதி முகாமில் ஒரே பாயில் படுத்த சகோதரங்கள், ஊர் திரும்பியபின் ஒரு துண்டுக் காணிக்காகப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். இது ஏன் நேர்கிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதைச் சிந்திப்போம்.

முதலில் எமது வழமை. தாய்வழிக் குடிமுறை உள்ள எம் மண்ணில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துப் பெற்றோர் சிறிய குடிசைக்கு மாறுவர். அடுத்தவளுக்காக மீண்டும் கட்டுவர். அண்ணன் தம்பிமார் உழைத்துச் சகோதரியின் சீதனத்தைத் தேடிக் கொடுத்துவிட்டு, தாம் மனைவியின் வீட்டுக்குச் செல்வர். பழைய முக்குவர் சட்டத்தில் முதுசம் சகோதரியின் பிள்ளைகளையும், தேடிய தேட்டம் சொந்தப் பிள்ளைகளையும் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் நீதிமன்றில் அந்தச் சட்டம் செல்லாது போயிற்று. சீதன வழமை மட்டும் நிலைத்தது.

இன்றைய பொதுச் சட்டம் சொல்வது என்ன? மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவரது தனியார் உறுதிக் காணியில் பாதி உயிரோடிருக்கும் துணைவருக்கு. மறுபாதி ஆண், பெண் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. உதாரணமாக, தந்தை பெயரில் 6 ஏக்கர் வயல். தாயும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்க்கு 3 ஏக்கர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கர். இடம்பெயர்ந்தவருக்கும் வெளிநாட்டில் இருப்பவருக்கும் இதே பங்குதான்.

வழமைக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் பேராசை நுழைகிறது. "இந்த வளவு இளையவளுக்கு" என்று தாய் நாலுபேர் முன்னால் சொல்லியிருப்பார். உறுதி முடிக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன் எழுதாத காணிக் கைமாற்றம் செல்லாது. சாட்சி சொன்ன பெரியவர்களும் இறந்துவிட்டார்கள். இப்போது அண்ணன் சட்டப்படி தன் பங்கைக் கேட்கலாம்; கேட்டால் கிடைக்கும். ஆனால் தாயின் சொல் அவருக்குத் தெரியும். நேர்மை சோதிக்கப்படும் இடம் இதுவே. தன் பங்கைத் தங்கைக்கு எழுதிக் கொடுக்கும் அண்ணன் நட்டப்படவில்லை. அவர் மனைவியின் வீடும் யாரோ ஓர் அண்ணன் விட்டுக்கொடுத்த வீடுதானே!

வழமையைக் காட்டி அநீதி செய்வதும் உண்டு. சீதனம் வாங்கிய அக்கா, ஒன்றுமே பெறாத தம்பியின் வயற்பங்கையும் கேட்பது முறையல்ல.

இன்னொரு பேச்சையும் கேட்கிறோம்: "பத்து வருடம் நான்தான் செய்தேன், இனி எனக்கே சொந்தம்." கூட்டுரிமைக் காணிக்கு இது அப்படியே பொருந்தாது. கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் வைத்திருக்கும் ஆட்சியே எனப் பிரிவிக் கவுன்சில் 1911இல் இலங்கை வழக்கொன்றில் தீர்த்தது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டதாக நிரூபித்தாலன்றி ஆண்டுக்கணக்கு உதவாது. அவர் விற்கக்கூடியதும் தன் பிரிக்கப்படாத பங்கை மட்டுமே. அதே வேளை, பற்றை வெட்டி வரம்பு கட்டியவரின் உழைப்புக்கும் செலவுக்கும் மற்றவர்கள் மதிப்புக் கொடுப்பதே நியாயம்.

காணாமற்போன சகோதரனின் பங்கு குறித்து மிகுந்த கவனம் தேவை. அவர் வரமாட்டார் என்று சொல்லி அதை விழுங்குவது, காத்திருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் இரண்டாம் முறை அநாதையாக்குவதாகும். இறந்ததாகப் பதிய விரும்பாத குடும்பம், அவர் காணாமற்போயிருப்பதை உறுதிசெய்யும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழிசெய்தது.

அரச அனுமதிப்பத்திரக் காணி வேறு வகை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அதை நினைத்தபடி துண்டாட முடியாது. துணைவருக்குப்பின், பெயர் குறித்துப் பதியப்பட்ட பின்னுரித்தாளரைச் சேரும். பதியாவிடில் மகன்மாருக்கே முதலிடம் என்றிருந்தது. அந்த ஆண், பெண் பேதத்தை 2022ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. ஒருவர் பெயருக்கு வந்தாலும், எல்லாரும் சேர்ந்து வெட்டிய காட்டின் பலனை எல்லாரும் காண வழி தேடுவது அவர் கடமை. சுனாமிக்குப் பின்னரும் இதுபோன்ற ஒரு பாடம் கற்றோம். சீதன வீட்டை இழந்த பெண்கள் பலர் இருக்க, புதிய வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆண் பெயரிலேயே பதியப்பட்டன. சட்டத்தை மீறாமலே ஒருத்தியின் சொத்து இப்படிக் கைமாறிவிடலாம்.

எனவே நாம் செய்யக்கூடியவை:

1. பெற்றோர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே பங்கைப் பேசி, நொத்தாரிசு மூலம் உறுதி முடியுங்கள். பெற்றோரின் சீவிய உரித்தை அதில் ஒதுக்குங்கள்.

2. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பதியுங்கள்.

3. பங்கு பிரிக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளையும், மருமக்களையும், காணாமற்போனவரின் மனைவியையும் அழையுங்கள். வெளிநாட்டில் உள்ளவர் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். அவசரப்பட்டு வெற்றுத்தாளில் ஒப்பமிட வேண்டாம்.

4. யார் என்ன பெற்றார், யார் என்ன செலவழித்தார் என்பதை முதலில் எழுதுங்கள். அதன்பின் பங்கைப் பேசுங்கள்.

5. எல்லை தெரியாவிட்டால் வட்டைவிதானையையும் அயல்வயற்காரரையும் வைத்துப் பாருங்கள். பின் நில அளவையாளரைக் கொண்டு அளவுங்கள்.

6. உடன்பட முடியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களிடமும் சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் ஆலோசனை பெறுங்கள். பிரிவிடல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். சிறிய காணியாயின் செலவுக்கே அதை விற்க நேரிடும்.

நாம் ஓடிய நாட்களில் எமக்குக் கஞ்சி ஊற்றியது காணியல்ல. அக்காவும் தம்பியும் மச்சானுமே. அடுத்த பெரும்போகத்துக்கு வயலில் இறங்குமுன், குடும்பமாக ஒருமுறை கூடி இருந்து பேசுங்கள்.