மாடியில் மண்ணைக் கொட்டலாமா? நெல்லையில் காய்கறித் தோட்டம் போடும் முன் இதைக் கவனியுங்க!

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு வரும்: "நாமளே நாலு செடி வச்சா என்ன?" 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றபோதும் இதே பேச்சுதான். யோசனை நல்லதுதான். ஆனால் செடி வாடினால் போவது விதைக் காசு மட்டும். மாடியில் கணக்கில்லாமல் மண்ணைக் கொட்டினால் போவது வீட்டின் கூரை. அதனால் விதை வாங்குவதற்கு முன் எடையிலிருந்து ஆரம்பிப்போம்.

தட்டட்டி எவ்வளவு தாங்கும்?

ஆட்கள் ஏறி நடமாடும் தட்டையான கூரைக்கு, ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பளுவைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இப்போது மண்ணுக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஓரடி உயரத்துக்கு மண் நிரப்பி, மழையில் நனைந்தால் அதன் எடை ஏறக்குறைய 500 கிலோ. அதாவது மூன்று மடங்குக்கும் மேல்! செங்கல் அடுக்கி மாடியிலேயே பாத்தி கட்டும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. பொறியாளரிடம் கேட்காமல் அதைச் செய்யவே வேண்டாம். பழைய வீடு என்றால் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

அப்போ மாடியில் என்ன செய்வது? பைதான். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள ஒரு பையில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தொடும். தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் சேர்ந்த கலவை என்றால் கிட்டத்தட்ட பாதிதான் வரும். சதுர மீட்டருக்கு நான்கு பைக்கு மேல் வேண்டாம். கூரையின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் ஓரங்களில் வையுங்கள். பைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தண்ணீர் தேங்காது, தட்டோட்டில் ஈரம் இறங்காது. பைக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நிற்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். ஒரு வாரம் விட்டால் போதும், டெங்கு கொசுவுக்கு அதுவே தொட்டில்.

தரையில் இடம் இருந்தால் மேட்டுப்பாத்தி

புறவாசலில் கொஞ்சம் இடம் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தாமிரபரணிக் கரையில் மேட்டுப்பாத்தி ஏன் என்று கேட்கிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்க்கலாம். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, நெல்லை நகருக்குள் ஆறு புகுந்தது. அந்த மாதிரி வெள்ளத்தை எந்தப் பாத்தியும் தாங்காது, அது வேறு கதை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமாகப் பெய்யும் மழைக்கே தரைமட்டச் செடியின் வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்று அழுகிவிடும். ஓரடி உயர்த்திவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு இல்லை.

அகலம் நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைத்து மிதிக்கவே கூடாது என்பதுதான் காரணம். நீளம் உங்கள் இஷ்டம். சுற்றுக் கட்டுக்குச் செங்கல், ஹாலோ பிளாக், பழைய பனந்தடி எதுவும் சரி.

நிரப்புவதற்குச் செம்மண், மட்கிய தொழு உரம், நார்க்கழிவு மூன்றும் சம அளவு. கரிசல் மண் மட்டும் போட்டால் மழையில் களியாகும், வெயிலில் வெடிக்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகே கலக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்; நாற்று ஏன் கருகுகிறது என்று பிறகு குழம்புவார்கள். மண் இளக ஆற்றுமணல் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளும் உண்டு. தாமிரபரணி மணலை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்த வரலாறு ஊருக்கே தெரியும்.

ஆடிப்பட்டம் மாடிக்கும் பொருந்துமா?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சொன்னது. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலையிலேயே பெய்து பாபநாசம் அணையை நிரப்பும்; பாளையங்கோட்டை வரை வந்து சேர்வது காற்றுதான். ஆனி, ஆடியில் அந்தக் காற்று மாடிப் பையைக் காயவைத்து, காய்த்த செடியையும் சாய்த்துவிடும். அதனால் ஆடியில் விதையைக் குழித்தட்டில் போட்டு, காற்று படாத மூலையில் நாற்றாக வளர்த்து, 25 நாள் கழித்து ஆவணியில் பைக்கு மாற்றுவது நல்லது. அடைமழைக்கு முன் செடி வேர் பிடித்துவிடும். பையின் அடியில் நான்கைந்து ஓட்டை அவசியம்.

கோடையில் 12 அங்குலப் பைக்கு ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். காலையில் ஊற்றுங்கள். உச்சி வெயிலுக்கு மேலே பச்சை நிழல்வலை கட்டாமல் சித்திரையைத் தாண்டுவது கஷ்டம்.

என்ன வைக்கலாம்?

கீரைக்கு அரை அடி ஆழமுள்ள தொட்டி போதும். வெண்டை, மிளகாய், சீனி அவரைக்கு 12 அங்குலப் பை. வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும் என்பதால் புதியவர்கள் அதில் ஆரம்பிக்கலாம். தக்காளி, கத்தரிக்கு 15 அங்குலம், பைக்கு ஒரே செடி. புடலை, பாகலுக்கு இன்னும் பெரிய பையும் பந்தலும் தேவை.

கத்தரியில் நெல்லைக்காரர்களுக்குத் தனி ருசி உண்டு. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 ரகம் முட்டை வடிவில், பால் வெள்ளையாக, கொத்துக்கு இரண்டு முதல் நான்கு காய் காய்க்கும். நுனிக்குருத்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். மருந்தைத் தேடி ஓடாமல் அந்தக் குருத்தைக் கிள்ளி அழித்துவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

அரசு கிட் கிடைக்குமா?

2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கட்டி, காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, வேப்பம் பூச்சிக்கொல்லி எல்லாம் ஒரே தொகுப்பாக மானிய விலையில் தரப்பட்டன. மானியமும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், வாட்ஸ்அப்பில் வரும் விலையை நம்பாமல் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஆதார் அட்டையோடு போய்க் கேட்பதே சரி.

பொங்கலுக்குச் சிறுகிழங்கு

மேட்டுப்பாத்தி போட்டவர்கள் ஒரு மூலையைச் சிறுகிழங்குக்கு ஒதுக்கலாம். பொங்கல் படையலில் இது இல்லாத நெல்லை வீடு அபூர்வம். மார்கழி கடைசியில் சந்தையில் விலையும் ஏறிவிடும். இதற்கு விதை கிடையாது. கிழங்கை நட்டு முளைக்க வைத்து, அதிலிருந்து ஒரு சாண் நீளத் தலைக்கொடியைக் கிள்ளி ஆடிக் கடைசி, ஆவணியில் நட வேண்டும். ஒன்றரை மாதத்தில் அடியில் மண் அணைத்துவிடுங்கள், கிழங்கு மண்ணுக்குள்தான் திரளும். ஐந்து மாதத்தில், கொடி மஞ்சளாகிக் காயத் தொடங்கும்போது தோண்டலாம். எல்லாவற்றையும் குழம்பில் போட்டுவிடாமல், அடிபடாத கிழங்காகப் பார்த்து ஒரு கை அளவு எடுத்து மணலில் புதைத்து வையுங்கள். அடுத்த வைகாசியில் நாற்றுக்கு அது வேண்டும்.